மூன்று கோட்டையும் ஒரே மாதிரிதான் இருக்குமா? தார்ப் பாலைவனப் பயணம் பற்றி ஒரு பதில்

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். டிசம்பரில் எட்டு நாள் விடுப்பு. முழங்கால் வலியுள்ள அம்மாவும் கூட வருகிறார். ஜோத்பூர், ஜெய்சல்மேர், பிகானேர் மூன்றும் பார்க்க வேண்டும். இணையத்தில் தேடினால் ‘தவறவிடக் கூடாத இருபத்தைந்து இடங்கள்’ என்று வந்து தலை சுற்றுகிறது, அதனால் கோட்டை, அரண்மனை, கோயில் என்று சுருக்கமாக ஒரு பட்டியல் வேண்டும் என்கிறீர்கள். ஆனால் கடைசி இரண்டு வரியில் போகிற போக்கில் வேறு இரண்டைக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாக் கோட்டையும் ஒரே மாதிரிதானே இருக்கும், ஒன்றைப் பார்த்தால் போதாதா? ஜெய்சல்மேர் கோட்டைக்குள்ளேயே தங்கலாமா? இந்த இரண்டும்தான் நிஜமான கேள்விகள் என்று எனக்குப் படுகிறது. இவற்றுக்குப் பதில் தெரிந்தால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

நான் பழைய கல் கட்டடங்களைச் செப்பனிடும் பொறியாளன். வேலை நிமித்தமாகப் பல குளிர்காலங்களை மேற்கு ராஜஸ்தானில் கழித்திருக்கிறேன். ஒரு சுவர் ஏன் நிற்கிறது, ஏன் விழுகிறது என்பதுதான் என் படிப்பு. சிற்ப இலக்கணமும் ராஜபுத்திர வம்சாவளியும் என் துறை அல்ல. அவற்றைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை சுற்றுலாப் பயணியாகவும் போயிருக்கிறேன். ஐந்து நாளில் நாலு கோட்டை. கடைசி இரவு படங்களைப் புரட்டினால், எந்த ஜரோகா (செதுக்கு வேலை செய்த மாடம்) எந்த ஊருடையது என்று எனக்கே தெரியவில்லை. எல்லாவற்றிலும் ஒரு பல்லக்கு, ஒரு வாள் அலமாரி, ஒரு கண்ணாடி அறை. ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். பிறகு வேலைக்காகப் போனபோது வேறு வழியில்லாமல் அடித்தளத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அப்போதுதான் மூன்றும் மூன்று விதம் என்று புரிந்தது. ஒன்று எரிமலைப் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று சமதரையில், அகழி வெட்டிக்கொண்டு நிற்கிறது. ஒன்று, நனைந்தால் இளகிவிடும் அடுக்குகள் கொண்ட குன்றின்மேல் இருக்கிறது. எந்தக் கோட்டைக்குப் போனாலும் இரண்டு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இதற்குக் கீழே என்ன இருக்கிறது? இங்கே இருந்தவர்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள்?

ஜோத்பூரின் மெஹரான்கட்டிலிருந்து தொடங்குவோம். ராவ் ஜோதா தன் தலைநகரை மண்டோரிலிருந்து இங்கே மாற்றி 1459-இல் இதைத் தொடங்கினார். ஊருக்கு மேலே 120 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கீழே இருப்பது ரயோலைட் என்ற எரிமலைப் பாறை. ஏறத்தாழ 75 கோடி ஆண்டுப் பழசு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இந்தப் பாறையையே தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. ஆனால் கோட்டை அந்தப் பாறையால் கட்டப்பட்டது அல்ல, சுற்றுவட்டாரத்தில் வெட்டிய மணற்கல்லால் கட்டப்பட்டது. ரயோலைட் உளிக்கு மசியாது. மணற்கல் வெண்ணெய் மாதிரி செதுக்க வரும். சுமக்க ஒரு கல், செதுக்க ஒரு கல். அடிவாரத்தில் நின்று, பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள். சில இடங்களில் கண்டுபிடிக்கவே முடியாது.

அவ்வளவு உறுதியான பாறையில் தண்ணீர் மட்டும் நிற்காது. கோட்டையின் காலடியில் ராணிசர், பத்மசர் என்று இரண்டு குளங்கள் இருப்பது அதனால்தான். இந்த மலையில் இருந்த சீரியா நாத்ஜி என்ற துறவியை அப்புறப்படுத்தியதால், ஊருக்குத் தண்ணீர்ப் பஞ்சம் வரட்டும் என்று அவர் சபித்தார் என்று ஒரு கதை உண்டு. சாபத்தைக் கழிக்க ராஜாராம் மேக்வால் என்பவர் அடித்தளத்தில் உயிரோடு புதைக்கப்பட்டார் என்பது அதன் தொடர்ச்சி. அவருக்குக் கோட்டையில் நினைவுக் கல் இருக்கிறது, அது நிச்சயம். அவர் தாமாக முன்வந்தார் என்பது அரண்மனை சொல்லும் கதை. அவரைக் கேட்டு யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1459 என்று பலகையில் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பதெல்லாம் ஐந்நூறு வருடப் பழசு என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் முதலில் நுழையும் ஜெய் போல் (போல் என்றால் வாசல்) 1806-இல் ஜோத்பூர் மகாராஜா மான் சிங் காலத்தது. பொன் பூச்சு மின்னும் பூல் மகால் 18-ஆம் நூற்றாண்டு. விதானத்தில் வண்ணக் கண்ணாடி உருண்டைகள் தொங்கும் தக்த் விலாஸ் 19-ஆம் நூற்றாண்டு. டோத் காங்க்ரா போல் என்ற வாசலின் சுவரில் 1808 முற்றுகையின் பீரங்கிக் குண்டு பட்ட குழிகள் இன்னும் இருக்கின்றன, கை வைத்துப் பார்க்கலாம். லோஹா போல் பக்கத்தில் உடன்கட்டை ஏறிய பெண்களின் கை அச்சுகள் உண்டு. 1843-இல் மான் சிங் இறந்தபோது தீயில் இறங்கிய மனைவிகளுடையவை. சின்னச் சின்னக் கைகள். வழிகாட்டிகள் அந்த இடத்தில் வீரம் பற்றிப் பேசுவார்கள். நான் அங்கே நிற்பதில்லை.

அம்மாவுக்கு நல்ல செய்தி, மெஹரான்கட்டில் மின்தூக்கி இருக்கிறது. மேலே ஏறிவிட்டு இறங்குமுகமாகப் பார்த்துக்கொண்டே வரலாம். மூன்று கோட்டைகளில் அருங்காட்சியகமாக மிகச் சீராக நடத்தப்படுவதும் இதுதான். அரை நாளுக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். வெயில் தாழ்ந்த பிறகு ஊருக்குள் தூர்ஜி கா ஜால்ரா என்ற படிக்கிணற்றுக்குப் போய் உட்காருங்கள். 1740-களில் ஓர் அரசி கட்டுவித்தது. குப்பையும் சகதியுமாக மூடிக் கிடந்ததை அண்மைக் காலத்தில்தான் தூர்வாரி மீட்டார்கள். எதிரே தேநீர்க் கடைகள் உண்டு, அம்மா படி இறங்க வேண்டியதில்லை.

அடுத்து பிகானேரின் ஜூனாகட். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், குன்று இல்லாததால் படத்தில் எடுப்பாகத் தெரியாது. ராவ் ஜோதாவின் மகன் பீகா அப்பாவைப் பிரிந்து வந்து 1488-இல் உண்டாக்கிய ஊர் இது. இப்போது நிற்கும் கோட்டையை 1589 முதல் 1594 வரை கட்டியவர் ராய் சிங். அக்பரின் படைத்தலைவர்களில் ஒருவர். சுற்றிலும் தரை ஒரே மட்டம், பாறை கிடையாது. ஆகவே 37 கொத்தளங்களும் அகழியும்தான் காவல். இங்கே ஒரு வேடிக்கை. ‘இந்தக் கோட்டையை வரலாற்றில் ஒரே ஒரு நாள் மட்டும் எதிரி பிடித்தான், பாபரின் மகன் காம்ரான், 1534’ என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். காம்ரான் வந்தது உண்மை. ஆனால் 1534-இல் இந்தக் கோட்டை கட்டப்படவே இல்லையே! அது பீகாவின் பழைய கோட்டை. ஆண்டைக் கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனாலும் புத்தகங்களில்கூட இந்தத் தவறு தொடர்கிறது.

ஜூனாகட்டின் உள்ளே அனூப் மகாலைப் பாருங்கள். சிவப்புப் பின்னணியில் தங்கத் தகடும் வர்ணமும் புடைப்பாக ஏறியிருக்கும். உஸ்தா என்ற கைவினைக் குடும்பங்களின் வேலை. இன்றும் ஊரில் சிலர் ஒட்டகத் தோலில் அதே வேலையைச் செய்கிறார்கள். எனக்குப் பிடித்த அறை பாதல் மகால். ‘பாதல்’ என்றால் மேகம். சுவர் முழுக்க நீல மேகங்கள், இடையிடையே மின்னல், கீழே கோடு கோடாக மழை. மழையைப் பார்க்காமலே வளரும் அரண்மனைப் பிள்ளைகளுக்கு மழையைக் காட்டத்தான் வரைந்தார்கள் என்று சொல்வார்கள். கதையாக இருக்கலாம். ஆனால் வெளியே உச்சி வெயிலில் அகழியின் வறண்ட தரையைப் பார்த்துவிட்டு அந்த அறைக்குள் போனால், நம்பத்தான் தோன்றுகிறது.

இப்போது ஜெய்சல்மேர். கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், தங்குவது பற்றிய கேள்வி இங்கேதான் இருக்கிறது.

பட்டி ராஜபுத்திரரான ராவல் ஜைசல் 1156-இல் நிறுவியது என்பது மரபாகச் சொல்லும் ஆண்டு. அதற்கு முன் தலைநகரம் லோதுர்வாவில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தள்ளி. திரிகூடம் என்ற குன்றின்மேல் மஞ்சள் கல்லால் எழுப்பிய 99 கொத்தளங்கள்; அவற்றில் பெரும்பாலானவை 17-ஆம் நூற்றாண்டில் கட்டியவை. 2013-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ராஜஸ்தானின் ஆறு மலைக் கோட்டைகளில் இது ஒன்று. மெஹரான்கட் அந்தப் பட்டியலில் இல்லை என்று சொன்னால் ஜோத்பூர்க்காரர்களுக்குக் கோபம் வரும். ஜெய்சல்மேரை வேறுபடுத்துவது ஒன்றுதான்: இது காலியான கோட்டை அல்ல. உள்ளே ஆயிரக்கணக்கானோர் இன்றும் குடியிருக்கிறார்கள். மளிகைக் கடை, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், திண்ணையில் மாடு, வாசலில் கணபதி படத்தோடு கல்யாணத் தேதி எழுதிய சுவர். ஸ்ரீரங்கத்தில் மதில்களுக்குள் வீதிகளும் வீடுகளும் இருக்கின்றனவே, அதை ஒரு குன்றின் தலையில் தூக்கி வைத்தால் எப்படியோ அப்படி.

இந்தக் கோட்டையின் சுவர்களில் பெரும்பகுதி சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்தி, தேவையான இடத்தில் இரும்புப் பற்று வைத்துக் கட்டியவை. காய்ந்த ஊருக்குப் பொருத்தமான கட்டுமானம். அங்கே ஆண்டு மழையே ஏறத்தாழ 150 முதல் 200 மில்லிமீட்டர்தான்; சென்னையில் 1,400 பெய்கிறது. பெய்கிற அந்தக் கொஞ்ச மழையும் தங்காமல் வழிந்தோட, ‘குட் நாலி’ என்று அழைக்கப்படும் கல் வடிகால்களை நாலு திசைக்கும் அமைத்திருந்தார்கள். குடிதண்ணீர் கீழே கடீசர் ஏரியிலிருந்து பெண்கள் தலையில் சுமந்து ஏறியது. குடத்தில் சுமந்து வந்த தண்ணீரை யாரும் கொட்ட மாட்டார்கள். எண்ணூறு வருடம் இப்படி நடந்தது. பிறகு குழாய்த் தண்ணீர் வந்தது. குழாயோடு கழிவறை, கழிவறையோடு விடுதிகள். குன்றின் உள்ளே மணற்கல்லுக்கு இடையிடையே களிமண் கலந்த மென்மையான படிவங்கள் இருக்கின்றன. கசிந்த நீர் அங்கே இறங்கியது. நனைந்த களிமண் உப்பும், காய்ந்தால் சுருங்கும், சரிவில் இருந்தால் வழுக்கும். மேலே சாந்தில்லாத கனத்த சுவர். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. கொத்தளங்கள் சில சரிந்தன. உலக நினைவுச் சின்ன நிதியம் 1996-இலிருந்து அடுத்தடுத்துத் தன் ஆபத்துப் பட்டியலில் இந்தக் கோட்டையைச் சேர்த்தது.

ஒருமுறை உள்ளே ஒரு விடுதியின் சுவர் விரிசலைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். மே மாதம், வெளியே சாலைத் தார் இளகும் வெயில். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் கை வைத்தேன், சில்லென்று ஈரம். தரையோரம் உப்புப் பூத்திருந்தது. அறைக்குள் குளிர்சாதனமும் சுடுநீரும் இருபத்துநாலு மணி நேரமும் உண்டு என்று வாசலில் பெருமையாக எழுதியிருந்தார்கள்.

எது நிச்சயம், எது இல்லை என்று பிரித்துச் சொல்கிறேன். தண்ணீர் உள்ளே இறங்குவதுதான் கோட்டைக்கு முதல் எதிரி என்பதில் இத்துறையில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதில் விடுதிகளின் பங்கு எவ்வளவு, குடும்பங்களின் பங்கு எவ்வளவு, தூர்ந்துபோன பழைய வடிகாலின் பங்கு எவ்வளவு என்பதில்தான் சண்டை. நீங்கள் இரண்டு பேர் கீழே தங்குவதால் எந்தக் கொத்தளம் பிழைக்கும் என்று என்னால் கணக்குப் போட்டுக் காட்ட முடியாது. கோட்டைக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு: ‘எங்கள் பாட்டன் பூட்டன் வீடு இது. வாடகை வந்தால்தான் கூரையைச் சரிசெய்ய முடியும்’ என்கிறார்கள். ஆனாலும் என் பதில், கீழே தங்குங்கள். பகலில் மேலே போய்ச் சாப்பிடுங்கள், அங்கே குடியிருப்பவர்களிடமே துணியும் வெள்ளியும் வாங்குங்கள், காசு போய்ச் சேரட்டும். குளியல் மட்டும் கீழே. இதில் உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு. உள்ளே தங்கினால் கோட்டை தெரியாது. கீழே மொட்டை மாடியுள்ள ஒரு விடுதியில் தங்கினால், காலை ஏழரை மணிக்குக் கல் சாம்பலிலிருந்து மஞ்சளாக மாறுவதை அம்மா நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஏறுவதற்கும் அவர் சிரமப்பட வேண்டாம், நாலு வாசலையும் தாண்டி மேல் சதுக்கம் வரை ஆட்டோ போகும்.

மேலே அரண்மனையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு சமணக் கோயில்களுக்குப் போங்கள். ஏழு கோயில்கள், ஒன்றோடொன்று ஒட்டி, நடைபாதைகளால் இணைந்தவை. காலம் 12-ஆம் நூற்றாண்டிலிருந்து 16 வரை என்று பொதுவாகச் சொல்வார்கள்; இப்போது நிற்பதில் பெரும்பகுதி 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெளியாட்களுக்குப் பெரும்பாலும் முற்பகல் மட்டும்தான் அனுமதி, அதனால் இதை முதலில் வையுங்கள். தோல் பை, தோல் பெல்ட் ஆகாது. சம்பவநாதர் கோயிலின் நிலவறையில் ஞான பண்டார் என்ற சுவடி நூலகம் இருக்கிறது. நம்மைப் போலவே பனையோலைதான். ஆனால் நாம் எழுத்தாணியால் கீறி மை தடவுவோம். அவர்கள் ஓலைமேல் மையால் நேராக எழுதியிருக்கிறார்கள். நம் ஊர் ஈரத்திலும் பூச்சியிலும் ஓலை நெடுங்காலம் தாங்காது, மறுபடி மறுபடி படியெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே பாலைவனக் காற்று 12-ஆம் நூற்றாண்டுச் சுவடிகளையே காத்து வைத்திருக்கிறது. மேலே சுவரை அரிக்கும் தண்ணீர் இறங்குகிற அதே குன்றின் வயிற்றில் இந்த நூலகமும் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

ஊருக்குள் ஹவேலிகள், அதாவது பெரிய மாளிகை வீடுகள். குமான் சந்த் பட்வா என்ற வணிகர் 1805-இல் தொடங்கிய ஐந்து வீட்டு வரிசைதான் பட்வோன் கீ ஹவேலி. முடிய ஐம்பது வருடத்துக்கு மேல் ஆனது. ஐந்தில் ஒன்றுக்குள் போனால் போதும், மற்றதை முகப்பில் நின்று பாருங்கள். நத்மல் ஹவேலியைத் தவறவிடாதீர்கள், உள்ளே போகக்கூடத் தேவையில்லை. 1885-இல் கட்டியது. ஹாத்தி, லாலு என்ற இரண்டு சகோதரச் சிற்பிகள் வலது பக்கம் ஒருவர், இடது பக்கம் ஒருவர் என்று பிரித்துக்கொண்டு செதுக்கினார்களாம். தூரத்தில் பார்த்தால் சமச்சீர். கிட்டே போனால் ஒரு மாடத்தில் இருக்கும் உருவம் எதிர்ப்பக்கத்தில் இருக்காது. அம்மாவும் நீங்களும் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டு வித்தியாசம் தேடலாம்.

கோயில் என்று தனியாகக் கேட்டதால் ஓசியானைச் சொல்லியே ஆக வேண்டும். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் ஒரே ஒரு கோயில்தான் பார்க்க நேரம் என்றால் அது இதுதான். ஜோத்பூருக்கு வடக்கே 65 கிலோமீட்டர். 8 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை, பெரும்பாலும் குர்ஜர பிரதிகாரர் காலத்தில் எழுந்த கோயில் கூட்டம். காஞ்சி கைலாசநாதரை நினைத்துக்கொள்ளுங்கள், அதே 8-ஆம் நூற்றாண்டு. இங்கே ஹரிஹரர் கோயில்களுக்கு மதிலும் இல்லை, கோபுரமும் இல்லை. சாலை ஓரத்தில் உயரமான மேடைமேல் நடுவில் ஒன்றும் மூலைகளில் சின்னச் சின்னக் கோயில்களுமாக நிற்கும். நம் விமானம் தளம் தளமாக ஏறும். அவர்கள் சிகரம் கீழிருந்து ஒரே வளைவாக உள்வாங்கி ஏறும். மகாவீரர் கோயில் பிரதிகார அரசன் வத்சராஜன் காலத்திலேயே இருந்ததாக 956-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. ஓஸ்வால் சமணர்களுக்கு ஊரின் பெயரே குலப்பெயர், சௌகார்பேட்டையில் பலரின் பூர்வீகக் கதை இங்கே வந்து முடியும். சச்சியாய் மாதா கோயில் இன்றும் கூட்டம் அலைமோதும் கோயில். தோரணம் தோரணமாக வளைவுகளோடு படிகள் ஏறும். அம்மா முடிந்தால் ஏறட்டும், இல்லையென்றால் கீழே ஹரிஹரர் கோயில்களே நிறைவு.

பிகானேரில் பண்டாசர் சமணக் கோயிலைப் பற்றி ஒரு கதை கேட்பீர்கள். தண்ணீருக்குப் பதில் 40,000 கிலோ நெய்யை ஊற்றிச் சாந்து குழைத்தார்கள், வெயில் காலத்தில் தரையில் நெய் கசியும் என்று. இது என் தொழிலைத் தொடும் கதை, அதனால் கொஞ்சம் நிற்கிறேன். சுண்ணாம்பு நீற வேண்டும் என்றால் தண்ணீர் வேண்டும். நெய்யை மட்டும் ஊற்றினால் அது சாந்து ஆகாது, அல்வா ஆகும். ஆனால் சாந்தில் கொஞ்சம் எண்ணெயோ கொழுப்போ சேர்ப்பது பழைய வழக்கம்தான், நீர் இறங்காமல் தடுக்கும். நம் ஊரில் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பதில்லையா? கதையின் அடியில் அப்படி ஒரு துளி உண்மை இருக்கலாம். கோயிலுக்காகவே போங்கள், மஞ்சளும் சிவப்புமாகத் தூண் முதல் விதானம் வரை ஓவியம். மேல் மாடிப் படி குறுகல், அம்மா ஏற வேண்டாம். தேஷ்நோக் கர்ணி மாதா கோயில் பிகானேரிலிருந்து 30 கிலோமீட்டர். ஆயிரக்கணக்கான எலிகள் காலுக்கிடையில் ஓடும் கோயில் அதுதான். தம் குலத்தவர் இறந்து எலியாகப் பிறக்கிறார்கள் என்பது சாரண் மக்களின் நம்பிக்கை. கட்டடமாக எனக்கு அது பெரிதில்லை, கங்கா சிங் மகாராஜா செய்வித்த பளிங்கு முகப்பைத் தவிர. போவதானால் தூக்கிப் போடத் தயாரான ஒரு ஜோடி பழைய காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பு போட முடியாது.

ஜெய்சல்மேரைச் சுற்றி குல்தரா என்ற பாழூரைக் காட்டாமல் எந்த ஓட்டுநரும் விட மாட்டார். திவான் சலீம் சிங் ஊர்ப் பெண் ஒருத்திமேல் கண் வைக்க, பாலிவால் பிராமணர்கள் 84 ஊர்களை ஒரே இரவில் காலி செய்துவிட்டு, இனி யாரும் இங்கே வாழ முடியாது என்று சபித்துப் போனார்கள் என்பது கதை. சலீம் சிங் இருந்தது உண்மை, அவருடைய ஹவேலி ஊருக்குள் இருக்கிறது. பாலிவால்கள் போனதும் உண்மை. ஒரே இரவு என்பதைத்தான் ஆய்வாளர்கள் நம்புவதில்லை. வரிக் கொடுமை, கிணறு வற்றியது, நிலநடுக்கம் என்று பல காரணம் சொல்கிறார்கள். எனக்கு அங்கே பேயைவிடச் சுவாரசியம் கடீன். சரிவில் ஓடிவரும் மழைநீரை நீளமான மண்கரை போட்டு மறித்து, நீர் ஊறி இறங்கியபின் அந்த ஈரத்திலேயே கோதுமை விதைக்கும் முறை. நம் ஏரியின் உள்வாயில் நீர் வற்றியதும் பயிர் வைப்பது போலத்தான். 200 மில்லிமீட்டர் மழையில் கோதுமை விளைத்தவர்கள் போனது பெரிய கதை, பேய்க் கதை வேண்டியதில்லை.

எதை விடலாம்? ஜோத்பூர் உமைத் பவனை விடலாம். 1929-இல் தொடங்கி 1943-இல் முடித்த 347 அறை அரண்மனை. பஞ்ச காலத்தில் மக்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கியது என்பதால் வரலாற்றில் அதற்கு இடமுண்டு. ஆனால் பெரும்பகுதி விடுதியும் அரச குடும்பத்தின் இருப்பிடமும். உங்களுக்குக் காட்டுவது ஓரத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகம். பிகானேர் லால்கட் அரண்மனையும் ஏறத்தாழ அப்படித்தான். ஜெய்சல்மேரை அடுத்த சாம் மணல்மேட்டில் ஒலிபெருக்கி அலறும் கூடார விருந்துகளை நிச்சயம் விடலாம். தனோட் மாதா கோயில் 1965 போரில் விழுந்த குண்டுகள் வெடிக்காத கதைக்காகப் புகழ்பெற்றது. எல்லையோரச் சாலை அழகு, ஆனால் போக வர ஒரு நாள் போய்விடும். கிராடு கோயில்கள் சிற்பத்துக்காக மனசைப் பிடுங்கும். பார்மர் தாண்டிப் போக வேண்டும், எட்டு நாளில் அடங்காது.

யாரும் சொல்லாத ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன்: நாகௌர் கோட்டை. ஜோத்பூருக்கும் பிகானேருக்கும் நடுவே, வழியிலேயே இருக்கிறது. உள்ளே அரண்மனைகளைவிட நீர்வழிகளைப் பாருங்கள். கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர் வாய்க்காலில் ஓடி, தொட்டி தொட்டியாக நிரம்பி, மண்டபங்களைக் குளிர்வித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகும் ஏற்பாடு. இடிபாடாகக் கிடந்ததைப் பழைய முறைச் சாந்தும் பழைய முறைக் கொத்தர்களும் கொண்டு மீட்ட வேலை, யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது பெற்றது. கூட்டமே இருக்காது.

ஆக உங்கள் எட்டு நாள் இப்படி: முதல் இரண்டு நாள் ஜோத்பூர். மூன்றாம் நாள் காரில் ஓசியான் பார்த்துவிட்டு பலோதி வழியாக ஜெய்சல்மேர், மாலைக்குள் சேரலாம். நாலும் ஐந்தும் அங்கே. ஆறாம் நாள் பிகானேருக்கு 330 கிலோமீட்டர். பகல் முழுவதும் பயணம்தான், அம்மாவுக்கு நடுவில் இரண்டு நிறுத்தம் வையுங்கள். ஏழாம் நாள் ஜூனாகட்டும் பண்டாசரும். எட்டாம் நாள் விடிகாலை கிளம்பி நாகௌர், அங்கிருந்து மாலைக்குள் ஜோத்பூர். மன்னார்குடியிலிருந்து ஜோத்பூருக்கும் மதுரையிலிருந்து பிகானேருக்கும் வாராந்திர ரயில்கள் உண்டு; ஆனால் போக இரண்டு நாள், வர இரண்டு நாள் என்றால் உங்கள் விடுப்பில் பாதி தண்டவாளத்திலேயே போய்விடும், விமானமே சரி. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ஜெய்சல்மேர் திருவிழாக் கூட்டமாக இருக்கும், தேதியை ஒரு வாரம் முன்னால் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். இரவில் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போகும். பாலைவனம் என்று நினைத்து ஸ்வெட்டர் எடுக்காமல் வருபவர்களை வருடாவருடம் பார்க்கிறேன். அம்மாவுக்குக் கம்பளிக் காலுறையும் முழங்காலுக்கு ஒரு உறையும் பையின் மேலாக இருக்கட்டும்.